ஓலை வாசிக்காத கல்யாணம்

ட்ரம்கேர்ன் பிரபுப் பட்டத்தின் விலை இரண்டரை ஷில்லிங். அந்தக் காலத்தில் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க பிரீக்கின் ஊர்க் கிறிஸ்தவச் சபை வாங்கிய கட்டணம் அவ்வளவுதான். என் மச்சான் எபனேசர் விஷார்ட்டின் தாத்தா பேட்ரிக் அதைக் கட்டவில்லை.

பேட்ரிக் ட்ரம்கேர்ன் பிரபுவின் இளைய மகன். எல்ஸ்பெத்தைச் சத்திரத்துக்குக் கூட்டிப்போய், குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் முன்னால் "இவ என் பெண்டாட்டி" என்றார். அவளும் "இவர் என் புருஷன்" என்றாள். முடிந்தது கல்யாணம். ஸ்காட்லாந்துச் சட்டத்துக்கு அது போதும். சாட்சிகள் உயிரோடு இருக்கும்வரை.

மூத்த வழியில் கடைசிப் பிரபு பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரிசு எபனேசர், ஓட்ஸ் மாவு வியாபாரி. அவனை விட்டால் இங்கிலாந்தில் கென்ட்டில் இருக்கும் ஒரு தூரத்து உறவு. "தாத்தா கல்யாணத்துக்கு ஆதாரம்? இல்லேன்னா பட்டம் கென்ட்காரருக்கு." என்று வக்கீல் டோஷ் கேட்ட கேள்விக்கு மூன்று வருஷமாகப் பதில் தேடினோம். எபனேசர் மாவு ஆலையை விற்றான். வக்கீலின் கடிதம் மட்டும் தவறாமல் வந்தது, பில்லோடு.

போன செவ்வாய் டோஷ் மூச்சிரைக்க வந்தார். "ஓலை வாசிக்காம கட்டிக்கிட்டவங்களை சபை மூப்பருங்க கூப்பிட்டு அபராதம் போடுவாங்க. அபராதம் கட்டியிருந்தா அதுவே கல்யாணச் சாட்சி!"

நான், என் மனைவி கிரிஸல், அவள் அண்ணன் எபனேசர், டோஷ், நான்கு பேரும் பிரீக்கின் சபைக் கோயிலுக்கு ஓடினோம். சபைக் குமாஸ்தா பழைய அபராதப் பதிவுப் புத்தகத்தைத் தொடுமுன் கையை நீட்டினார்: "தேடுகூலி ஒரு ஷில்லிங்."

எபனேசர் பையைத் தட்டிப் பார்த்தான். "மச்சான், சில்லறை இருக்கா?"

கொடுத்துத் தொலைத்தேன்.

"கிடைச்சிருச்சு," என்றார் குமாஸ்தா. "பேட்ரிக் விஷார்ட், எல்ஸ்பெத். முறை தவறிய கல்யாணம்னு புகார். அபராதம் பத்து ஷில்லிங்."

எபனேசர் என்னைக் கட்டிக்கொண்டான். "பாத்தியா மச்சான்! இனிமே என்னைப் பிரபுன்னு கூப்பிடு!"

"இருங்க ஐயா, பாக்கி இருக்கு." குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பேட்ரிக் சொன்னது: கல்யாணமே ஆகலை, இவ எங்க வீட்டுச் சமையல்காரி. ஆகையால் அபராதம் தள்ளுபடி. கையெழுத்தும் இருக்கு."

"பாட்டி சும்மாவா நின்னாங்க?" என்று கத்தினாள் கிரிஸல்.

"அவங்களும் ஆமான்னு கையெழுத்துக்குப் பதிலா கீறல் போட்டிருக்காங்க அம்மா."

"பத்து ஷில்லிங்குக்கா! பத்து ஷில்லிங்குக்காக என் அப்பனையே முறை தவறிப் பிறந்த பிள்ளையாக்கிட்டாரே கிழவர்!" எபனேசர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான்.

டோஷ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "கென்ட்காரர் வக்கீல் அடுத்த வாரம் இதே புத்தகத்தைப் பார்க்க வர்றார். வழக்கு அவ்வளவுதான்."

"நகல் எடுத்துத் தரவா?" என்று கேட்டார் குமாஸ்தா. "இன்னொரு ஷில்லிங்."

"அதுக்கு ஒரு ஷில்லிங்கா? கொள்ளை!" என்று சீறினான் எபனேசர்.

"அண்ணே," என்றாள் கிரிஸல், "நீ அந்தக் கிழவர் பேரன்தான்னு நிரூபிக்க இதுக்கு மேல ஆதாரம் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். தாத்தா மிச்சம் பிடித்தது: ஓலைக்கு இரண்டரை, அபராதத்துக்குப் பத்து, ஆக மொத்தம் பன்னிரண்டரை ஷில்லிங். பேரன் இழந்தது: ஓர் ஆலை, வக்கீலுக்குக் கொட்டிய அறுநூற்று நாற்பது பவுண்டு, ஒரு பட்டம். எனக்கு வரவேண்டியது: தேடுகூலி ஒரு ஷில்லிங். கேட்டால், "ரசீது இருக்கா மச்சான்?" என்கிறான்.