விருந்தாள் மிதிக்காத நிலம்

மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் நரின் நகரத்தில் முதன்முதலாக மலையாக மாறியது, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஜிபாராவின் படுக்கையறை. அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை, சந்தையில் உருளைக்கிழங்கு விலை இறங்கியிருந்த நாள். கண்விழித்தபோது அவர் பாசி படிந்த ஒரு சரிவில் போர்வையோடு படுத்திருந்தார். அலமாரி இருந்த இடத்தில் ஊசியிலை மரங்கள் நின்றன. கால்மாட்டில் ஒரு சிற்றோடை கிளம்பி, கூடத்தின் வாசற்படி வரை ஓடி, அங்கே காணாமல் போனது. கூடமும் சமையலறையும் அப்படியே இருந்தன. மலைக்கும் கூடத்துக்கும் நடுவே, சோப்புக் கட்டியை நூலால் அறுத்ததுபோல, மண்ணும் கல்லும் நேர்க்கோடாக நின்றன. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. நகராட்சியிலிருந்து வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்கென்று தனிப் பிரிவு எதுவும் தங்களிடம் இல்லை, கூரைக் கசிவு என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஜிபாரா சரி என்றார். கூரைதான் இல்லையே தவிர, கசிவு இருக்கத்தான் செய்தது. அன்று சாயங்காலத்துக்குள் பாதி ஊர் வந்து அந்த மலையில் ஏறி இறங்கிவிட்டது. பல வருஷமாக ஆள் வராத அந்த வீட்டில் தேநீர்க் கோப்பைகள் போதவில்லை.

அந்த மலையைச் செய்தவன் மேலத்தெருவின் கடைசி வீட்டில் இருந்தான். பெயர் குபாத். தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள ஒரு சிறு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தான். கட்டம் கட்டமாக மண்ணையும் கல்லையும் அடுக்கி, வீடோ பாலமோ கோட்டையோ மனம்போனபடி கட்டிக்கொள்ளும் கணினி விளையாட்டு அவர்களுடையது. விளையாட வருகிற ஒவ்வொருவருக்கும் யாரும் பார்த்திராத ஒரு நிலத்தைக் கணினியே உண்டாக்கித் தரும். அப்படி உண்டாக்கக் கணினிக்குச் சொல்லித் தருவதுதான் குபாத்தின் பிழைப்பு. அவன் வருவதற்கு முன்பு அந்த விளையாட்டில் குன்றுகள் கவிழ்த்துவைத்த கிண்ணங்கள் மாதிரி இருந்தன. ஆறுகள் தேவைப்பட்டால் மேட்டிலும் ஏறின. மலையின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரம். திரும்பிய பக்கமெல்லாம் நிஜ மலை நிற்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக உட்கார்ந்து திருத்தினான். முதலில் கரடுமுரடாக ஒரு நிலம், பிறகு அதன்மேல் ஆயிரம் வருஷத்து மழையை ஒரு கண்சிமிட்டலில் பெய்யவிடுவது, இதுதான் அவன் கண்டுபிடித்த வழி. தண்ணீர் தனக்கான தடத்தைத் தானே தேடிக்கொண்டது. மேட்டு மண்ணை அரித்துக் கொண்டுவந்து அடிவாரத்தில் விரித்தது. வெயில் விழும் சரிவு புல்லோடு மொட்டையாக நின்றது, நிழல் சரிவில் மரம் அடர்ந்தது. நிறுவனத்தை நடத்திய மீரிம் என்ற பெண் தொலைபேசியில், "உங்க மலையப் பாத்தா எனக்கு ஸ்வெட்டர் போட்டுக்கணும்போல இருக்கு" என்றாள். குபாத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் பெரியது அதுதான்.

அந்த மழைக்கு அவன் கொடுத்த விலையும் பெரிது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்பாவின் வீடு கடைசி மகனுக்கு. அப்பாவும் அவன் பொறுப்பு. ஐந்து வருஷம் முன்பு குபாத் வேலையாக பிஷ்கெக் போயிருந்தபோது அப்பா இறந்துபோனார். செய்தி வந்த அன்றைக்குத்தான் திரையில் மழை முதன்முறையாகச் சரியாகப் பெய்துகொண்டிருந்தது. இதை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஒரு நாள் தங்கினான். மறுநாள் கணவாயில் பனி விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. அவன் ஊர் வந்து சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. கல்லறை வாசலிலேயே, ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கேட்க, அண்ணன் தாலாய் சொன்னான்: "அப்பாவுக்கு ஒரு பிடி மண்ணு போட வரல. கம்ப்யூட்டர்ல மலை மலையா மண்ணு கொட்டுறானாம்." தாலாய் சந்தையில் கறிக்கடை வைத்திருப்பவன், வெட்டு ஒன்று துண்டு இரண்டு ஆள். அன்றிலிருந்து ஒரே தெருவின் இரண்டு முனைகளில் இருந்துகொண்டு, ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. குபாத்தின் மனைவி வேலைக்காக மாஸ்கோ போனவள், அங்கேயே ஒரு வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவன்மீது கோபம்கூட இல்லை. அது அவனுக்கு இன்னும் வலித்தது.

இப்போது விளையாட்டில் நேர்ந்த தவறுக்கு வருவோம். புதிய மலைகளை எல்லோருக்கும் அனுப்பிவைக்கிற சமயம், மீரிம் ஒரு நிபந்தனை சொன்னாள். ஆட்கள் ஏற்கெனவே புழங்குகிற இடத்தில் கை வைக்கக் கூடாது. ஆள் புழங்காத இடத்தை மட்டும் புதிதாக்க வேண்டும். நியாயமான பேச்சு. குபாத் உட்கார்ந்து விதி எழுதினான்: ஓர் இடத்துக்கு அண்மையில் வேறொருவர் வந்து போயிருந்தால் அது ஆள் புழங்கும் இடம். வேறு எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அங்கே குடியிருப்பவனையும் கணக்கில் சேர்த்திருப்பான். குபாத் நரின்காரன். விருந்தாள் வந்து ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டால்தான் அது வீடு, இல்லையென்றால் வெறும் சுவர் என்று எண்ணும் ஊரில் பிறந்தவன். அந்த நிறுவனத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒருவர் கட்டிய வீட்டுக்குள் இன்னொருவர் போய் உட்கார்ந்துகொண்டே சோதித்துப் பார்த்ததால் தவறு யார் கண்ணிலும் படவில்லை. செப்டம்பர் கடைசியில் விளையாட்டின் புதிய வடிவம் வெளியே போனது. தனியாக விளையாடிக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் திறந்து பார்த்தால், மாதக்கணக்காகக் கட்டிய வீட்டின்மேல் மலை உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் கழித்து எங்கள் ஊரிலும் அதே விதி நடக்க ஆரம்பித்தது. எங்கள் ஊருக்கு எதுவும் ஒரு வாரம் தாமதமாகத்தான் வரும், பத்திரிகை உட்பட.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் ஷய்லோ என்ற டாக்ஸிக்காரன். பிஷ்கெக் சவாரிக்கு ஆள் சேரும் வரை வண்டியில் உட்கார்ந்து அந்த விளையாட்டைத்தான் ஆடுவான். ஜிபாராவின் ஓடையைப் பார்த்ததும், "இந்த வளைவு எனக்கு நல்லாத் தெரியும்யா. இதுல எத்தனை தடவை விழுந்து செத்திருக்கேன்! இது குபாத்தோட ஓடை" என்றான். அதற்குள் ஒரு விதவையின் கொல்லைப்புறமும், யாரோடும் ஒத்துப்போகாத ஒரு கணக்காளரின் மாடியும் மலையாகியிருந்தன. விருந்தாள் வராத இடம்தான் மலையாகிறது என்று புரிந்ததும் ஊர் விருந்துக்குக் கிளம்பியது. வருஷக்கணக்காக முகம் பார்க்காத சம்பந்திகள் ஒருவர் வீட்டில் ஒருவர் தேநீர் குடித்தார்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குள் பெண்கள் கூட்டமாக நுழைந்து, ஆளுக்கொரு துண்டு ரொட்டி தின்றுவிட்டு, கதவு இடுக்கையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். கடைகளில் சர்க்கரை தீர்ந்தது. சிலருக்கு நிஜமாகவே நட்பு உண்டானது; சிலருக்கு வயிற்றுக் கோளாறு உண்டானது.

குபாத் வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை. விதி எழுதியவன் தன் வீட்டுக்கு ஒரு விலக்கு எழுதிக்கொள்ளாமலா இருப்பான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவன் தினமும் காலையில் போய்ப் புது ரொட்டி வாங்கிவந்தான். மேஜையில் துணி விரித்து, ஆப்ரிகாட் ஜாமும் வெண்ணெயும் எடுத்துவைத்து, இரண்டு கோப்பைகளைக் கவிழ்த்துவைத்தான். சாயங்காலம் அந்த ரொட்டியைத் தானே தின்றான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வாசலில் நின்று, எதிர்வீட்டு பாத்மாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்களேன்."

"ஐயோ தம்பி, இன்னும் மூணு வீடு பாக்கி இருக்கு, குடிச்சுக் குடிச்சு வயிறு குளமாயிருச்சு. உனக்கென்ன, நீ தப்பிச்சுக்குவ!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள் பாத்மா.

அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அதனால்தான் அவனால் மறுபடி கூப்பிட முடியவில்லை. இனி கூப்பிட வேண்டுமென்றால், எனக்கு யாருமில்லை என்று தெருவில் நின்று சொல்ல வேண்டும். தெருவின் மறுமுனையில் தாலாயின் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. அங்கே விருந்தாள்கள் வரிசையில் நின்றார்கள்.

தவறைத் திருத்துவதில் அவன் சோம்பலாக இருக்கவில்லை. புகார்கள் பெருகியபோதே திருத்தம் எழுதி அனுப்பிவிட்டான். இனி வீட்டுக்காரன் மட்டும் இருந்தாலே போதும், அது ஆள் புழங்கும் இடம். ஏற்கெனவே மலையானவையும், அந்த மலையில் இன்னும் வேறு யார் காலும் படவில்லை என்றால், பழைய வீடாகவே திரும்பிவிடும். யாராவது வந்து மிதித்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆள் வந்துபோன நிலத்தைத் தொடுவதில்லை என்பது முதல் நிபந்தனை. விளையாட்டில் அன்றே எல்லாம் சரியாகிவிட்டது. ஊருக்கு அது அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் வந்துசேரும்.

திங்கட்கிழமை காலை குபாத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அப்பாவின் வீடு மலையாகிவிட்டது. சத்தமே இல்லை. ஊற்றிய தேநீர் கோப்பைக்குப் பதில் புல்லில் விழுந்தது. கூடத்தில் ஒரு முகடு எழும்பியிருந்தது. அப்பாவின் கட்டில் கிடந்த மூலையில் மரங்கள், அவற்றுக்கு நடுவே ஓடை. நாலு பக்கமும் வேலிக்கோடு வரை வந்து, ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக அறுபட்டு நின்றது நிலம். கெட்டிலும் அவன் உட்கார்ந்திருந்த முக்காலியும் மேஜைத்துணியும் மட்டும் மிஞ்சின. பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரே ஒரு நாள். விடிந்தால் அப்பா அடித்த ஆணி ஒன்றுகூடக் குறையாமல் வீடு திரும்பிவிடும். அதுவரை யாரும் வரக் கூடாது. இத்தனை நாள் யாரும் வராததைப்போல இன்னும் ஒரு நாள் வராமல் இருந்தால் போதும். இதை நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுத் தன் மலையைச் சுற்றிப் பார்த்தான். நன்றாகத்தான் செய்திருந்தான்.

மதியம் தாண்டி, கறிக்கடையை அடைத்துவிட்டு தாலாய் வந்தான். வெள்ளைக் கம்பளித் தொப்பி, கக்கத்தில் ரொட்டி, கையில் வேகவைத்த ஆட்டுக்கறிப் பாத்திரம். அறுபட்ட மண்சுவரின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"உசுரோட இருக்கியாடா?"

"இருக்கேண்ணே."

"நீ தப்பிச்சுக்குவேன்னுல்ல ஊரே சொல்லுச்சு."

"எனக்குன்னு தனியா எதுவும் எழுதிக்கலண்ணே."

"எழுதியிருக்கலாம்ல, மடையா" என்றான் தாலாய். "வாரம் பூரா கண்டவன் வீட்லல்லாம் தின்னேன். இங்க மட்டும் வரல. சரி, கையக் குடு. மேல வரேன்."

நாளைக்கு வாண்ணே என்று சொன்னால் போதும். காரணம் கேட்டால் சொல்லிவிடலாம். தாலாய் ஒன்றும் புரியாதவன் இல்லை. கல்லும் மரமும் சுமந்து அப்பா கட்டிய வீடு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. ஆனால் எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவனைப் பார்த்து நாளைக்கு வா என்று சொன்னவர் யாரும் இல்லை, சொல்ல யாருக்கும் தெரியாது. அதைவிட, ஐந்து வருஷம் கழித்து நீட்டிய கை நாளைக்கும் நீளும் என்று குபாத்தால் நம்ப முடியவில்லை. அவன் புல்லில் குப்புறப் படுத்து, விளிம்புக்கு வெளியே இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, அண்ணனைப் பிடித்து மேலே இழுத்தான். தாலாய் கனத்த ஆள். இரண்டு காலையும் ஊன்றி நின்று, மூச்சு வாங்கியபடி சுற்றிப் பார்த்தான். அவ்வளவுதான், முடிந்தது.

புல்லில் துணியை விரித்து ரொட்டியைப் பிட்டார்கள். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தேநீர் போட்டார்கள். தாலாய் கடைக்கு ஆடு வாங்குவதுபோலவே மலையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். நிழல் பக்கம் மரம் இருந்தது சரி என்றான். பாறை உருண்டுவந்து நின்ற இடமும் சரி என்றான். பிறகு மரங்களுக்கு நடுவே போய், "இங்கதான அப்பா கட்டில்?" என்று கேட்டான். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தம்பியின் உள்ளங்கையில் வைத்தான்.

"இப்பப் போடு."

குபாத் போட்டான்.

"அஞ்சு வருஷம் லேட்டு" என்றான் தாலாய், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நம்ம ஊருக்கு இது பரவால்ல."

மறுநாள் காலை விதவையின் கொல்லைப்புறம் திரும்பி வந்தது. கணக்காளரின் மாடி, உள்ளேயிருந்த கொசுவலை உட்பட, திரும்பி வந்தது. ஆள் கால் பட்டுவிட்ட ஜிபாராவின் படுக்கையறையும் குபாத்தின் வீடும் வரவில்லை. நகராட்சி அதையும் கூரைக் கசிவில் சேர்த்துக்கொண்டு, மின்கம்பியை மட்டும் ஒரு மரத்தில் கட்டிக் கொடுத்தது. குபாத் மலைமேல் ஒரு கம்பளிக் கூடாரம் போட்டுக்கொண்டு இன்றும் அங்கேதான் இருக்கிறான், வேலையும் அதேதான். பனிக்காலத்தில் அவன் ஓடை உறைந்துபோகும். வாரக்கணக்காக அவன் குரலை அவனே கேட்பதில்லை. தாலாய்க்குக் கடை, குடும்பம், கால்வலி. வசந்தத்தில் ஒரு தடவை, கோடையில் ஆடுகளை மேய்ச்சல் மேட்டுக்கு ஓட்டுவதற்கு முன்பு ஒரு தடவை வருவான். ஏற இப்போது படி வெட்டியிருக்கிறது. உட்கார்ந்து முதல் கோப்பையைக் காலி செய்ததும் ஒவ்வொரு தடவையும் கேட்பான்:

"அப்பா வீடு எப்படா திரும்பி வரும்?"

"வர்ற வாரம்ணே" என்று சொல்லி, குபாத் அவனுக்கு இன்னொரு கோப்பை ஊற்றுவான்.