விசிலுக்கு வந்த பெருமூச்சு

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அச்சு செதுக்கிய அக்கா, இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்கு நேரே, முக்காலியில். அவள் கணவர், பிளாஸ்டிக் மணி மூட்டையின்மேல், மடியில் அட்டை வைத்துக் கடிதம் எழுதியபடி. "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று வந்த மாமியார், கவிழ்த்த கூடையின்மேல். இயந்திரம் ஓட்டும், அக்காவின் கூடப்பிறந்த தம்பிக்கு இடம் குறிக்க வேண்டியதில்லை. அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பார்த்த வேலையை விட்டுவிட்டு அக்கா சொந்தமாகச் செதுக்கிய முதல் அச்சு அது. உயிர்காப்புச் சட்டையில் தொங்கும் விசிலுக்கானது. மாதிரி விசில் ஒன்று கடிதத்தோடு இன்றைய தபாலில் போயாக வேண்டும். தவறினால் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும்.

"ஆரம்பிக்கலாமாக்கா? கையெல்லாம் பரபரங்குது!"

"ஆரம்பிடா."

அச்சின் இரு பக்கங்களும் இறுக மூடிக்கொண்டன. ஆரஞ்சு மணிகளைச் சூடான குழாய்க்குள் சுழன்று சுழன்று கூழாக்கி வைத்திருந்த திருகு, இப்போது ஒரே தள்ளாகத் தள்ளியது. கூழ் சிறு துளை வழியே எஃகுக் குழிகளுக்குள் பாய்ந்தது. நாலு பேருக்கும் மூச்சே இல்லை. அச்சு திறந்து, அதற்குள்ளிருந்த தள்ளு ஊசிகள் முன்னே வந்து உந்த, விசிலின் இரண்டு பாதிகளும் தட்டில் விழுந்தன.

"பொறந்துடுச்சு!" என்று குதித்தான் தம்பி.

அக்கா இரண்டையும் சேர்த்து அழுத்தி ஊதினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"ஏம்மா, விசில் கேட்டா பெருமூச்சு விடுது?" என்றாள் மாமியார்.

அக்கா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பாதிகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. எஃகில் தன் கை பிசகியிருந்தால் தபாலும் போச்சு, அச்சும் போச்சு. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, ஒரு பாதியை அது பிறந்த குழியிலேயே திரும்ப வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. ஒரு முனை எழும்பிக்கொண்டு ஆடியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எஃகு மேல தப்பில்ல! தப்பு அதுலன்னா, துண்டு அதுலயே கச்சிதமா உக்காந்திருக்கும். வெளிய வந்துதான் கோணியிருக்கு. டேய், ஆற விடுற நேரத்துல கை வச்சியா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "ஆசையில... பாதியாக் குறைச்சேன்க்கா."

"அச்சைச் சுத்தித் தண்ணி ஓடுறது எதுக்கு? உள்ளயே இறுகத்தான். இளக்கமா இருக்கிறப்பவே தள்ளினா கோணாம என்ன செய்யும்?"

"பொறக்கும்போதே இப்படித்தானோ இவன்?" என்றாள் மாமியார்.

"எட்டாம் மாசமே வந்துட்டான் அத்தை!"

ஆற விடும் நேரத்தைப் பழையபடி வைத்து, இயந்திரத்தை மறுபடி ஓட்டினார்கள். தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். காத்திருப்பதைவிட அவனுக்கு மூட்டை சுமப்பது மேல். அச்சு சாவகாசமாகத் திறந்தது. பாதிகள் 'டிக்'கென்று ஒன்றோடொன்று கவ்விக்கொண்டன.

"இங்க குடு" என்று மாமியார் வாங்கி ஊதினாள். கூரைத் தகடு அதிர்ந்தது. மருமகள் மாமியாரைக் கட்டிக்கொண்டாள். கணவரின் பேனா மட்டும் கடிதத்தின் குறுக்கே நீளமாய் ஒரு கோடு இழுத்துவிட்டது.

"மறுபடி எழுத நேரமில்லையே மாமா!" என்று பதறினான் தம்பி.

அவர் பதறாமல் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'மேற்படி கோடு, இத்துடன் இணைத்துள்ள விசிலின் சத்தத்தால் ஏற்பட்டது.'

விசிலை உள்ளே வைத்து, உறைக்குப் பசை தடவி ஒட்டினார். தம்பி பிடுங்கப் போனான்.

"நில்லுடா! பசை இறுகட்டும்!" மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அக்கா உறையின் ஓரத்தை விரலால் ஒருமுறை நீவிப் பார்த்து, அவனிடம் நீட்டினாள்.

"இப்ப ஓடு!"

ஓடினான்.