விருந்தாளிக்கு வெள்ளையடித்த காளவாய்

பாரத நாட்டின் வானத்தைத் தூய்மையாகக் காக்கும் பெரும்பொறுப்பு, 1984-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பழவேற்காடு அப்துல் ஹையின் தோளில் வந்து அமர்ந்தது. அதுவரை அந்தத் தோளில் ஒரு துண்டு மட்டுமே இருந்தது. அதுவும் சலவை கண்டு பல நாளாயிற்று.

ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய் அவருடையது. புகைவிடும் தொழில்கள் எல்லாம், எவ்வளவு விடுகிறோம் என்று அரசாங்கத்துக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வாங்காவிட்டால் காளவாய்க்குப் பூட்டு. பூட்டு விழுந்தால், அங்கே சுண்ணாம்பு சலிக்கும் முனியம்மா வீட்டிலும் அவள் கூட்டாளிப் பெண்கள் வீட்டிலும் உலை ஏறாது.

வழிகாட்டப் பொன்னேரியிலிருந்து தருமலிங்கம் வந்தார். டூரிங் டாக்கீஸ் ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த அனுபவத்தில், 'தொழில் ஆயத்த நிபுணர்' என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டவர்.

"பாய், சட்டம்ன்றது கடல் மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

"கடலத்தான் தெனமும் பாத்துகினு கீறோமே. இன்னா செய்யணும்னு சொல்லு நைனா," என்றாள் முனியம்மா.

புகைபோக்கியை உயர்த்த வேண்டும் என்றார் அவர். சட்டத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் படித்திருந்தார். நல்ல வேளையாக அது சரியான இடம். செங்கல் வைத்துத் தென்னை உயரத்துக்கு எழுப்பினார்கள். புகை தலைக்கு மேலே போனது. முதல் முறையாக முனியம்மா கண்ணைக் கசக்காமல் ஒரு நாள் முழுக்க வேலை செய்தாள்.

"பாய், உன் மூஞ்சி இப்பத்தான் தெளிவாத் தெரியுது. பொகையே தேவலாம்."

"ஒனக்கு வாய் ஜாஸ்தி," என்றார் அப்துல் ஹை. ஆனால் மேலே பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து அதிகாரி வரும் நாள் குறிக்கப்பட்டது. "வர்றவர் கண்ணுல ஒரு பொட்டு கரி படக்கூடாது," என்றார் தருமலிங்கம்.

அப்துல் ஹைக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அவருடைய முன்னோர் கப்பல் வணிகர்களுக்கு விருந்து வைத்த பரம்பரை. அவரே அடிக்கடி சொல்வார். விருந்தாளி வந்தால் அந்த வீட்டில் சுவருக்கு வெள்ளையும் தேக்சாவில் பிரியாணியும் தவறாது. ஆகவே காளவாயை அணைத்தார்கள். கரியைச் சுரண்டி, உள்ளும் புறமும் வெள்ளையடித்தார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கினார். கையில் புகையின் கருமையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை.

"கொளுத்துங்க. புகையைப் பார்க்கணும்."

"இன்னிக்கா சார்?" என்றார் அப்துல் ஹை. "வெள்ளை இன்னும் காயலியே..."

அதற்குள் வேலிக்குப் பின்னாலிருந்து கருகருவென்று புகை எழுந்தது. அதிகாரி அட்டையைத் தூக்கிப் பிடித்தார். அட்டையின் கடைசிக் கட்டத்தைவிடவும் புகை கறுப்பு.

"இது ஒண்ணு போதும், இழுத்து மூட," என்று எழுத ஆரம்பித்தார்.

தருமலிங்கம், "சட்டப்படி..." என்றார். அதற்கு மேல் சட்டம் வரவில்லை.

முனியம்மா குறுக்கே வந்து நின்றாள். "காளவாய் பேர எயுதாத சார்! அது ஈரச் சவுக்கு வெறகு. ஒனக்குத்தான் பிரியாணி ஆவுது!"

"எழுதினதை அடிக்கக் கூடாதும்மா." அவர் பேனா நின்றது. காற்று திரும்பி, மணம் அவர் பக்கம் வந்தது. "சரி, இது சமையல் புகைன்னு போடறேன். காளவாய் காஞ்சதும் சொல்லி அனுப்புங்க."

அடுத்த முறை வெள்ளையுமில்லை, தேக்சாவுமில்லை. "டீ மட்டும்தான் பாய்," என்று முனியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காளவாய் எரிந்தது, உச்சியில் மெல்லிய சாம்பல் நிறப் புகை. அதிகாரி அட்டையைப் பார்த்தார், தலையாட்டினார், அனுமதி கொடுத்தார். பக்கத்துக் காளவாய்க்காரர்கள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து, கொத்தனார் யார் என்று கேட்டுப் போனார்கள். சலிக்கும் இடத்துக்கு ஒரு கூரை போட்டால் தூசியும் அடங்குமே என்று அப்துல் ஹை தானாகவே சொன்னார்.

அரசாங்கப் பதிவின்படி, அந்த மழைக்காலத்தில் பழவேற்காட்டில் அளவு மீறிய புகை ஒன்றே ஒன்று. அந்தப் பிரியாணியில் அதிகாரி இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தார்.