சத்தம் தாங்கக் கூடியதே

தகர டப்பா செய்யும் ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் தொழிலாளர் நல அதிகாரி ஒருவர் இருந்தார். தொழிலாளிகளின் வாடைகூடப் படாத கட்டடத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர்களுடைய நலத்தைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. தொழிற்சாலை எங்கோ தூரத்து ஊரில் இருந்தது. தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் பிரிவில் சத்தம் காதைக் கிழிக்கிறது, காதுக்கவசம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அங்கே இருந்தவர்களுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒவ்வொரு முறையும் இவர் போனில் சொன்ன பதில் ஒன்றே. "பழகிட்டா சரியாப் போயிடும்."

கடைசியில் விஷயம் இயக்குநர் காதுக்கே போய்விட்டது. "நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். விமானத்தில் டிக்கெட்டும் போட்டாயிற்று.

விமான இரைச்சல் காதுக்குக் கெடுதல் என்று நல அதிகாரி எங்கோ படித்திருந்தார். உடனே வெளிச்சத்தத்தை அடக்கும் உசத்தியான ஹெட்போன் ஒன்றைக் கம்பெனிச் செலவில் வாங்கினார். இரண்டு மணி நேரம் அந்த இரைச்சலில் உட்கார வேண்டாமா? நல அதிகாரியின் நலத்தை வேறு யார் பார்ப்பார்கள்?

கிளம்புகிற அன்று பார்த்து மூக்கு ஒழுகியது. மனைவி பையை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இவ்வளவு சளியோட ஏறாதீங்க. காது அடைச்சுக்கும். ரெண்டு நாள் தள்ளிப் போட்டா என்ன?"

"அதுக்குத்தானே இதை வாங்கியிருக்கேன்" என்று ஹெட்போனைத் தட்டிக் காட்டினார்.

"அது சத்தத்துக்குங்க. உள்ள அழுத்துறதுக்கு அது என்ன பண்ணும்? சரி, மூக்குல அடிக்கிற மருந்து வெச்சிருக்கேன், இறங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடிச்சுக்கங்க. இறங்குறப்பத் தூங்கிடாதீங்க. எச்சில முழுங்கிட்டே இருங்க."

"என்ன, கைக்குழந்தைய அனுப்பி வைக்கிறியா?"

விமானத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் நிஜமாகவே ஒரு கைக்குழந்தை, தாயின் மடியில் இருந்தது. அழுது ஊரைக் கூட்டப் போகிறது என்று பயந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியவர், நன்றாகக் குறட்டை விட்டார். விமானம் இறங்கத் தொடங்கியதும் அந்தப் பெண் குழந்தையின் வாயில் பால்புட்டியை வைத்தாள். தானும் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டாள். இவரையும் தொட்டு எழுப்பி, "சார், இறங்கப் போகுது. மிட்டாய் வேணுமா? காதுக்கு நல்லது" என்றாள். ஹெட்போன் தன் வேலையைச் செவ்வனே செய்தது. அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

விழித்தபோது இரண்டு காதிலும் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் சரியாகும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. மென்மையாக ஊத வேண்டும் என்று சொன்னது ஞாபகம் வரவில்லை. கண் பிதுங்க, கன்னம் உப்ப, டயருக்குக் காற்றடிப்பதுபோல் ஊதினார்.

"மெதுவா சார், மெதுவா!" என்று அந்தப் பெண் பதறினாள்.

அதற்குள் காதில் 'விண்'ணென்று ஏதோ இழுத்து, உலகம் தண்ணீருக்குள் போய்விட்டது. குழந்தை பாலைக் குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

தொழிற்சாலை வாசலில் தொழிலாளர் சங்கத் தலைவி காத்திருந்தாள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நேராகப் பிரஸ் பிரிவுக்கு அழைத்துப் போனாள். வரிசையாக நின்ற இயந்திரங்கள் தகரத் தகடுகளை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தன. காதில் பஞ்சையும் கிழிந்த துணியையும் அடைத்திருந்த பெண்கள் கைச்சாடையில் பேசிக்கொண்டார்கள். நல அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே காலை வைத்தார்.

எங்கோ அடுத்த தெருவில் யாரோ தலையணையைத் தட்டிப் போடுவதுபோல் இருந்தது. அவ்வளவுதான்.

அவர் முகம் மலர்ந்தது. எல்லாவற்றிலும் பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் போய், பூங்காவில் காற்று வாங்குகிறவர்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஓடிவந்து கத்தினாள். "சார், தள்ளி நில்லுங்க! காது போயிடும்!"

"இவ்வளவுதானா?" என்றார் அவர். "இதுக்கா இத்தனை நாளா இந்தக் கூப்பாடு? எங்க வீட்டு மிக்ஸி இதைவிட அதிகமாக் கத்தும்."

"இவரு மனுஷன்தானா?" என்றாள் ஒருத்தி. அவள் வாயசைவைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் தலையாட்டினார்.

தன் காது அடைத்திருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அடைத்த காதில் விழுவதுதான் உண்மையான சத்தம் என்று நம்புவது சவுகரியமாக இருந்தது. நின்ற இடத்திலேயே இயக்குநருக்குச் செய்தி அனுப்பினார்: 'நேரில் ஆய்வு செய்தேன். சத்தம் தாங்கக் கூடியதே.'

மறுநாளும் பிரஸ் பிரிவுக்கு வந்தார். பொறுமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். அக்கா விடவில்லை. அவர் முகத்துக்கு நேரே நின்று, யார் யாருக்குக் காது மந்தமாயிற்று, யார் வீட்டில் பிள்ளை கூப்பிடுவது கேட்பதில்லை என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் பார்வைக்கு மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல் இருந்தது. சலிப்பாக இருந்தது. வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார்.

காதுக்குள் 'டப்' என்று ஏதோ திறந்துகொண்டது.

அடுத்த நொடி அத்தனை இயந்திரமும் ஒன்றாகச் சேர்ந்து அவர் மண்டைக்குள் இறங்கியது. "ஐயோ!" என்று அலறி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, செருப்பில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். முற்றத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளின் மேல் போய் விழுந்தார். அக்கா செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

"இது... இது எப்பவுமே இப்படித்தானா?"

"இல்ல சார், இன்னைக்குக் கம்மி. ஒரு மெஷின் ரிப்பேர்."

காது மூக்குத் தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறை நல்லாச் செவந்திருக்கு. மூக்கப் பிடிச்சு இப்படியா ஊதுவாங்க? சளி முழுசாப் போற வரைக்கும் ஃப்ளைட்ல ஏறக் கூடாது."

ரயிலுக்கும் டிக்கெட் கிடைக்கவில்லை. தொழிற்சாலையின் விருந்தினர் அறையில் தங்க வேண்டியதாயிற்று. இடம் வீணாகாமல் அந்த அறையைப் பிரஸ் பிரிவின் சுவரை ஒட்டியே கட்டலாம் என்று ஒப்புதல் கொடுத்த மகான் வேறு யாருமல்ல, இவரேதான். கட்டில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு துள்ளு துள்ளியது. விமான இரைச்சலை அடக்கிய ஹெட்போன், தகரம் அடிபடுகிற 'தடார்'களுக்கு முன்னால் கையை விரித்துவிட்டது. மனைவிக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னார்.

"பழகிட்டா சரியாப் போயிடுங்க" என்றாள் அவள், மிகுந்த அன்போடு.

அவர் பழகிக்கொள்ளவில்லை. இயக்குநருக்கு இன்னொரு செய்தி போனது: 'சத்தம் தாங்க முடியாதது. முந்தைய செய்தியில் எழுத்துப்பிழை.' வருஷக்கணக்காக வராத காதுக்கவசங்கள் அந்த வாரமே வண்டியில் வந்து இறங்கின. இயந்திரம் ஓடும்போது யாரும் கவசத்தைக் கழற்றக் கூடாது என்று விதியையும் அவரே எழுதிச் சுவரில் ஒட்டவைத்தார்.

கவசம் வழங்கும் நாளில் பேசாமல் இருக்க முடியுமா? பிரஸ் பிரிவின் நடுவில், மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். உற்பத்தி கெடக் கூடாது என்பதால் இயந்திரங்களை நிறுத்தவில்லை. தொழிலாளிகளின் காது தன் காது என்றார். இந்த நாளுக்காகத் தான் ஆரம்பத்திலிருந்தே பாடுபட்டதாகச் சொன்னார். பெண்கள் வரிசையாக நின்று, கண் இமைக்காமல் அவரையே பார்த்தார்கள். ஒரு முணுமுணுப்பில்லை, ஒரு எதிர்க்கேள்வி இல்லை. தன் பேச்சை இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதே இல்லை என்று நினைத்து அவர் பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டினார். குரல் தழுதழுக்க முடித்து, கைகூப்பினார்.

கூப்பிய கையைப் பார்த்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் வாசல்வரை அவரோடு வந்து, கவசத்தை ஒரு பக்கம் தூக்கிக் கேட்டாள்.

"முடிஞ்சுதா சார்?"