காலியில்லாத கட்டம்

தம்பியின் உதடுகள் தடித்து, கண்கள் இரண்டும் இடுங்கிக் கிடந்தன. மூச்சு இப்போதுதான் சீராகியிருந்தது. அதே மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா கட்டிலருகே நின்றிருந்தாள். சற்று முன் இங்கே போட்ட ஊசி மருந்து அவனுக்கு ஆகாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடா கேடு?”

“யாரும் கேக்கலையேக்கா. நீ இருக்கிற ஆஸ்பத்திரி, இங்க தெரியாமலா இருக்கும்னு இருந்துட்டேன்.”

விடுவிடுவென்று மாடியேறி அவன் பதிவைத் திறந்தாள். ‘ஒவ்வாத மருந்துகள்’ என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கட்டம் காலியாக இருப்பவர்களைத் தினமும் காலையில் தேடியெடுத்து, ‘இவர்களிடம் கேளுங்கள்’ என்று நர்சுகளுக்கு அனுப்ப அவள்தான் கணினியில் ஒரு வினவல், அதாவது தேடல் கட்டளை, எழுதி வைத்திருந்தாள். காலி என்றால் அதற்கு ஒன்றுமே இல்லாதது; கணினிக்காரர்கள் ஆங்கிலத்தில் ‘நல்’ என்பார்கள். கோடோ புள்ளியோ நட்சத்திரமோ இருந்துவிட்டால், பதில் வந்தாயிற்று என்று நம்பிக்கொண்டு அந்த ஆளைத் தாண்டிப் போய்விடும்.

கீழே போய்க் கேட்டதும், அந்தக் கோட்டைப் பதிந்த கவுன்டர் பெண் கையைப் பிசைந்தாள். “எந்தக் கட்டமும் காலியா இருக்கக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு மேடம். இந்தக் கூட்டத்துல எங்க கேக்கறது?”

மேனேஜரோ, எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டதைச் சொல்லும் ஒரு பச்சை வட்டத்தைத் திரையில் காட்டினார். “நூறு சதவீதம்! மேலிடத்துல பாராட்டிட்டாங்க. உங்க தம்பிக்குத்தான் சரியாயிடுச்சே, ஏன் பெருசு பண்றீங்க?”

“கேக்கவே இல்லைங்கிறதும் ஒண்ணுமில்லைங்கிறதும் ஒண்ணா சார்? காலியா விட்டிருந்தா யாராவது போய்க் கேட்டிருப்பாங்க. கோட்டைப் போட்டு அவன் வாயை அடைச்சிட்டீங்க. இனிமே கோடு இருந்தாலும் காலின்னு எடுக்கற மாதிரி வினவலை மாத்தப் போறேன்.”

“கோட்டையும் காலின்னு எடுத்தா பச்சை போயிடும். அந்த வினவலைத் தொடாதீங்க.”

மனிதன் மூச்சுத் திணறிக் கிடந்தால் என்ன, இவருக்கு வட்டம் பச்சையாக இருக்க வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று இருக்கைக்குத் திரும்பினாள். வெறும் குறிகள் இருப்பதையும் காலியாகக் கொள் என்று வினவலில் ஒரு வரி சேர்த்துத் தட்டினாள். பெயர்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன.

அச்சிட்டெடுத்த தாள்கள் சூடாறுவதற்குள் வார்டுக்கு ஓடினாள். முதல் பெயருக்குரிய பெரியவரின் படுக்கையருகே நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், ஒரு நிமிஷம்.” அக்கா பெரியவரின் பக்கம் குனிந்தாள். “ஐயா, உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?”

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.