பயந்தால் அஞ்சு

எங்கள் அச்சகத்துக்கு இன்டர்காம் மாட்ட வந்தவர், ஒன்பதும் பூஜ்யமும் தவிர எந்த எண்ணை வேண்டுமானாலும் யாருக்கும் தரலாம் என்றார். நான்கு போன்கள். மாடியில் இருக்கும் அப்பாவுக்கு, என் மேசைக்கு, மெஷின் ஹாலுக்கு, பின்னால் பேப்பர் கிடங்குக்கு. இந்தச் செலவே அப்பாவுக்காகத்தான். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து முக்கால் மணி நேரம் கத்தியிருக்கிறார். மெஷின் சத்தத்தில் எங்கள் யார் காதிலும் விழவில்லை.

அப்போது தலையில் பட்ட அடிக்குப் பிறகு அவருக்கு எண்கள் மனதில் நிற்பதில்லை. ஆனால் முப்பது வருடம் பிழை திருத்தியவரிடம் சொற்கள் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தன. அதனால் சொல்லை வைத்தே எண் கொடுத்தேன். என் மேசைக்கு ஐந்து.

"பயமா இருந்தா அஞ்சை அழுத்துங்கப்பா. அஞ்சுறதுன்னா பயப்படுறது. ஞாபகம் இருக்கும்ல?"

ஹாலுக்கு எட்டு, சத்தத்தைத் தாண்டி எட்ட வேண்டுமே. அப்பாவுக்கு ஒன்று. கிடங்குக்கு எதுவாக இருந்தால் என்ன என்று ஆறைத் தள்ளிவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எட்டிப் பார்க்கப் போனால், "போன் மாட்டிட்டேல்ல, அப்புறம் எதுக்கு வேவு பாக்குற?" என்று விரட்டினார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவர் கூப்பிடாமல் மாடி ஏறுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

போன் அடிக்கவே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தது. ஒரு மருந்துக்கடை நோட்டீஸில் கடையின் பெயரையே விட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். சாப்பாடு இறங்கவில்லை. வீம்பும் இறங்கவில்லை.

நாலு மணிக்கு, கிடங்குப் பக்கம் வேலை பார்க்கும் பைண்டர் வந்தார். "அக்கா, கிடங்கு போன் காலையிலேர்ந்து அடிச்சுட்டே இருக்கு. ராங் நம்பர்னு விட்டுட்டேன்."

"வீட்டுக்குள்ள ஏதுய்யா ராங் நம்பர்!"

இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன். அப்பா மடியில் ரிசீவரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடி எதுவும் இல்லை. நிம்மதியில் கோபம்தான் முதலில் வந்தது.

"அஞ்சுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! ஏன் ஆறை அழுத்துனீங்க?"

"கத்தாத. எனக்குப் பயமா இல்ல. அஞ்சுன்னா 'பயப்படு'ன்னு யாரோ என்னை அதட்டுற மாதிரி இருக்கு." ரிசீவரைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசணும் போல இருந்துச்சும்மா. அதான் ஆறு."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாள் இன்டர்காம்காரரை மறுபடி வரவழைத்து ஆறை என் மேசைக்கு மாற்றினேன்.

"அப்ப அஞ்சு யாருக்கும் வேணாமா?" என்றார்.

"எங்கப்பா போனுக்குப் போடுங்க. பயந்தா அழுத்த வேண்டியவ நான்தான்."