கம்பியில் இருமியவர்

கச்சி முகம்மதின் றேடியோப் பெட்டி ஏறாவூருக்கு வந்து சேர ஏழு வருஷத்துக்கு முன்பே, 1939-ல், அதன் கம்பி இருமத் தொடங்கிவிட்டது. அவர் புடவைக் கடைக்காரர். மனைவி ஆயிஷா உம்மா மௌத்தாகி, அடக்கம் முடிந்து ஒரு வருஷம், பிள்ளைகள் இல்லை. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணின் சீதனம். அது மனைவியின் தங்கை மகள் றமீஸாவுக்கென்று பேசியாகிவிட்டது. நீங்கள் இருக்கும்வரை இருங்கள் என்று அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் தன் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் சீமையில் புதிதாக வந்த பெட்டரி றேடியோவுக்கு மட்டக்களப்பு ஏஜென்ட் சாமித்தம்பியிடம் சொல்லிவைத்தார். அடுத்த கப்பலில் வரும் என்றார் சாமித்தம்பி. பொறுமைக்கும் கச்சி முகம்மதுக்கும் வெகுதூரம். அன்றே இரண்டு கமுகுமரங்களை வெட்டி ஒன்றோடொன்று கட்டி முற்றத்தில் நட்டு, உச்சியிலிருந்து றேடியோவுக்கு அலை பிடிக்கும் கம்பியை ஜன்னலால் இழுத்து வெறும் மேசைமேல் விட்டார். கப்பல்கள் வந்தன, பெட்டி வரவில்லை. சீமையில் சண்டை தொடங்கிவிட்டது என்றார்கள். வியாழன் தோறும் ரயிலேறிப் போய்ச் சாமித்தம்பியை ஏசிவிட்டுத் திரும்புவார். ஸ்டேஷனில் நிற்பவர்கள் கமுகு காய்த்துவிட்டதா என்று கேட்பார்கள்.

அப்படி ஏசிவிட்டு வந்த ஒரு பின்னேரம்தான் கம்பி இருமியது. பிறகு எஞ்சின் இரைச்சல், மரப்பெட்டிகள் உராயும் சத்தம், விளங்காத பாஷையில் ஒரு மனிதர் தனக்குத்தானே முணுமுணுப்பது. கப்பலின் அடித்தட்டில் சாமான் காவலுக்கு இருக்கும் ஆள் என்று கச்சி முகம்மது முடிவு செய்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று முதலில் அவரையும் ஏசினார். அந்த ஆள் பதிலுக்கு இருமினார். நாளடைவில் ஏச்சு குறைந்தது. இஞ்சித் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார், மழை பெய்ததைச் சொன்னார், ஒருநாள் ஆயிஷா உம்மாவைப் பற்றியும் சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கும்வரை அந்த ஆள் இருமவேயில்லை.

சில வியாழன்கள் அவரைக் காணாததால் சாமித்தம்பியே ஏறாவூருக்கு வந்தார்.

“காக்கா, உங்கட பெட்டி வந்த கப்பல் நடுக்கடலில மூழ்கித் தாண்டுபோயித்து. ஒராளும் தப்பல்லயாம்.”

“இல்லியே,” என்றார் கச்சி முகம்மது. “இப்பதானே இருமினாரு.”

இருவரும் மேசைக்கு முன் இருந்து கேட்டார்கள். எஞ்சின் நின்றிருந்தது. தண்ணீர்ச் சத்தம் மட்டும். அதற்குள்ளிருந்து இருமல் வந்தது, முன்னைவிடத் தெளிவாக. சாமித்தம்பி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

சண்டை முடிந்து, 1946-ல், சாமித்தம்பி வேறொரு பெட்டியை வண்டியில் ஏற்றிவந்து மேசையில் வைத்தார். அயலவர்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். பெட்டி பேசுவதற்குக் கம்பியை அதில் மாட்ட வேண்டும். கச்சி முகம்மது கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டார், கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்த மனிதர் கடலுக்கடியில் யாருமில்லாமல் போய்விடுவார் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

“அவசரமில்ல தம்பி,” என்றார். “அத மூலையில வைங்க. கம்பியில ஒராள் இரிக்காரு.”

பெட்டி மூலைக்குப் போனது. றமீஸா கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அதன்மேல் மடித்த துணிகளை அடுக்கினாள். பின்னேரங்களில் மேசைக்கு இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், ஒன்றில் இஞ்சி கொஞ்சம் கூட.